துருசு மூடப்பட்டபோது: வன்முறையின் வேர்கள்

"மனிசன் பிறவியிலேயே சண்டைக்காரன்" என்று நாம் சலித்துக்கொள்வதுண்டு. ஊரைவிட்டு ஓடிவந்த நமக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் 1986இல் ஸ்பெயினின் செவில் நகரில் கூடிய பலநாட்டு விஞ்ஞானிகள் இதை மறுத்தார்கள். யுத்தம் இரத்தத்தில் வருவதன்று என்ற அவர்களது பிரகடனத்தை யுனெஸ்கோ 1989இல் ஏற்றுக்கொண்டது. அப்படியானால் அது எங்கிருந்து வருகிறது?

பழைய வழக்கு ஒன்று

ஏறக்குறைய 4500 ஆண்டுகளுக்கு முன், இன்றைய ஈராக்கில் லகாஷ், உம்மா என்ற இரு நகரங்கள் வயலுக்கும் வாய்க்காலுக்குமாகத் தலைமுறை தலைமுறையாகப் போரிட்டன. கிஷ் நகர மன்னன் மெசிலிம் நடுவராக நின்று எல்லைக்கல் நாட்டினான். பின்னர் உம்மாவின் ஆட்சியாளன் ஒருவன் அதைப் பிடுங்கினான். மீண்டும் போர் மூண்டது.

நமது மாவட்டத்தில்

இந்தக் கதை நமக்குப் புதிதல்ல. 2002இல் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கை ஏட்டில் இருக்கும்போதே, 2006 யூலையில் மாவிலாற்றுத் துருசை விடுதலைப் புலிகள் மூடினர். தம் பகுதி மக்களின் நீர்வசதிக் குறைகள் தீரவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். அரசு குண்டுவீச்சாலும் படைநடவடிக்கையாலும் பதில் கொடுத்தது. ஆறு வற்றவில்லை, கதவுதான் மூடப்பட்டது. தண்ணீரின்றித் தவித்தவர்கள் சிங்கள, முஸ்லிம், தமிழ் விவசாயிகள்.

ஓகஸ்டில் மூதூர் மக்கள் கந்தளாய்க்கும், சம்பூர், ஈச்சிலம்பற்று மக்கள் வாகரைப் பக்கமும் ஓடினார்கள். அம்மாதமே துருசு திறபட்டது. யுத்தமோ 2009 மே வரை நீண்டது. சம்பூர்க் காணிகள் உரியவர்களிடம் திரும்பத் தொடங்கியது 2015இல்தான்.

வேர் எது?

தட்டுப்பாடு தானாகச் சண்டையாவதில்லை. உலர்வலயக் குளக் கிராமங்களில் 'பெத்ம' என்றொரு வழக்கம் உண்டு. தண்ணீர் குறைந்த போகத்தில் குளத்தை அண்டிய வயலை மட்டும் எல்லாப் பங்காளரும் பிரித்துச் செய்வார்கள். பற்றாக்குறை பகையாகாமல் தடுக்க நம்மைப் போன்ற கமக்காரரே கண்ட வழி அது.

வன்முறை முளைப்பது மூன்று இடங்களில்: குறை கேட்பாரற்றுக் கிடக்கும்போது, இருசாராரும் நம்பும் நடுவர் இல்லாதபோது, ஒருவர் செய்ததற்கு அவர் இனம் முழுவதையும் குற்றவாளியாக்கும்போது. இம்மூன்றும் பிறவிக் குணங்களல்ல. மனிதர் செய்தவை, மனிதரால் மாற்றக்கூடியவை.

குழுவாகச் சிந்திப்போம்

1. தலைமடைக்கும் கடைமடைக்கும் பிணக்கு வந்தால் நாம் யாரிடம் போனோம்? அவரை இருபக்கமும் நம்பியதா?

2. ஊர் திரும்பியதும் அயலூராரோடு கூடி, முதல் தண்ணீர் திறக்குமுன் பேசித் தீர்க்கவேண்டியவை எவை?

3. முகாமில் நம் பிள்ளைகள் முன்னால் மற்ற இனத்தாரைப் பற்றி எப்படிப் பேசுகிறோம்?