காகித மாதிரி விமானம் அமைத்தல்

புனே நகரைச் சேர்ந்த கோர்படியில் வாழும் மாணாக்கர்க்கு விமானம் அரிய காட்சியன்று. அதற்கு வடகிழக்கே உள்ள லோகேகாவ் விமானத் தளத்தில்தான் 1997 ஆம் ஆண்டில் சுகோய்-30 போர் விமானங்கள் இந்திய விமானப் படையில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டன. அவ்விமானத்தின் மாதிரியைக் கெட்டிக் காகிதத்தால் அமைக்கும் முறை இங்கு விளக்கப்படுகிறது.

அளவு: விமானத்தின் நீளம் சுமார் 21.9 மீட்டர், இறக்கைகளின் விரிவு 14.7 மீட்டர். நூறில் ஒரு பங்காகக் குறைத்தால் இவை முறையே 21.9, 14.7 சென்டிமீட்டர் ஆகும். வெட்டும்போது நேரும் ஒரு மில்லிமீட்டர் பிழை, மெய்யான விமானத்தில் பத்து சென்டிமீட்டர் பிழைக்குச் சமமாகும். மாணாக்கர் இதனை முதலிலேயே உணர்தல் வேண்டும்.

இழையோட்டம்: இயந்திரத்தில் செய்த காகிதத்தில் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்திருக்கும். தாளை நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் மெதுவாக வளைத்துப் பார்க்க. எளிதில் வளையும்போது உண்டாகும் வளைவின் அச்சே இழைகளின் திசையாகும். முன்னுடலின் குழலுக்கு இழை நீளவாட்டிலும், இறக்கைக்கு நுனியை நோக்கியும் அமைதல் வேண்டும். மாறி அமையின் குழலில் மடிப்பு விழும், இறக்கை தொய்யும்.

மடித்தல்: மை தீர்ந்த பந்துமுனைப் பேனாவை அளவுகோலை ஒட்டி அழுத்தி இழுத்து, பின்னரே மடிக்க வேண்டும். குழலாக வேண்டிய துண்டை ஒரு பென்சிலின்மேல் உருட்டி வளைவு உண்டாக்குக.

மூக்கு: இதனைக் கூம்பாகக் கொள்ளலாம். அடியின் ஆரம் 1 செ.மீ., சாயுயரம் 5 செ.மீ. எனில், வெட்ட வேண்டிய விசிறி வடிவத் துண்டின் கோணம் 360 × 1 ÷ 5 = 72 பாகை. ஒட்டும் விளிம்பைத் தனியே சேர்த்துக் கொள்க.

ஒட்டுதல்: நீர் மிகுந்த மாப்பசை காகிதத்தை வீங்கச் செய்து முறுக்கிவிடும். கெட்டியான பசையை மெல்லப் பூசி, ஒவ்வொரு பகுதியும் உலர்ந்த பின்னரே அடுத்ததைச் சேர்க்க வேண்டும். குழலினுள்ளே வட்ட அட்டைகளைப் பொருத்தினால் வடிவம் நசுங்காது. மூக்கின் நுனியிலிருந்து இரு இறக்கை நுனிகளுக்கும் உள்ள தூரத்தை நூலால் அளக்க. இரண்டும் சமமாயின் இறக்கைகள் நேராக அமைந்துள்ளன.

பிழைபட்ட மாதிரியை ஆசிரியர் எறிந்துவிடலாகாது. எப்படியில் பிழை நேர்ந்ததென்று மாணாக்கரே அளந்து கண்டறிதல் இப்பாடத்தின் முக்கிய பயனாகும்.

பயிற்சி: ஐம்பதில் ஒரு பங்கு அளவில் மாதிரி அமைத்தால் மூக்கிற்குரிய துண்டின் கோணம் மாறுமா? காரணத்துடன் விடை கூறச் செய்க.