வகுப்பில் கேட்டது மனதில் நிற்க...

கேள்வி: கல்லூரி விரிவுரைகள் ஒரே வாரத்தில் மறந்துவிடுகின்றன. குறிப்பைத் திரும்பத் திரும்பப் படித்தால் போதுமா?

பதில்: போதாது.

அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் ஒரு பிரிவினர் ஓர் உரைப்பகுதியை இருமுறை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் இருமுறை படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, மற்றவர்களுக்கு 42 சதவீதம்தான்.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் வால்டர் பாக் வகுத்த குறிப்பெடுக்கும் முறை இதற்குக் கைகொடுக்கும். தாளின் இடப்பக்கம் ஓரம் விட்டு, வலப்பக்கம் குறிப்பெடுக்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் ஓரத்தில் கேள்விகளை எழுதி, குறிப்பை மூடிவிட்டு வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். மறுநாளும் அடுத்த வாரமும் அதே கேள்விகளுக்குப் பார்க்காமல் பதில் சொல்லிப் பார்த்தால், தடுமாறும் இடங்கள் தேர்வுக்கு முன்பே தெரிந்துவிடும்.