கத்தியின்றி ஒரு சிகிச்சை

ஒரகடத்தில் லாரிகளுக்குச் சுமை ஏற்றும் என் தந்தையார், பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வருவதற்குள் மும்முறை நிற்பார். நின்றால் கால்வலி தணியும். நடந்தால் மீண்டும் வரும். உழைப்பின் களைப்பென்றே எண்ணினோம். இடுப்புத் தமனி சுருங்கியிருப்பதைச் சென்னை அரசு மருத்துவமனையில் கண்டறிந்தனர். பல்லாண்டுப் பீடிப் பழக்கமே முதற்காரணம் என்றனர்.

வகுப்பில் படித்த பாய்சொய் விதி நினைவுக்கு வந்தது. குழாயின் ஆரம் பாதியானால், அதே அழுத்தத்தில் பாயும் திரவம் 16-இல் ஒரு பங்காகிவிடும்!

1964-இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் டாட்டர், காலைத் துண்டிக்க உடன்படாத 82 வயது மூதாட்டியின் கால் தமனியை, மெல்லிய குழாய் செலுத்தி விரித்தார். 1974-இல் க்ரூன்ட்சிக் அக்குழாயில் பலூனைப் பொருத்தினார். எக்ஸ்கதிர்த் திரையே இம்முறையில் மருத்துவரின் கண்.

கல்லீரல் புற்றுக்கட்டியில் இதே குழாய் எதிர்வேலை செய்கிறது. கல்லீரல் பெரும்பங்கு இரத்தத்தைப் போர்ட்டல் சிரையிலிருந்து பெறுகிறது. கட்டியோ தமனியையே நம்பி வளர்கிறது. எனவே அத்தமனிக் கிளையில் மருந்து செலுத்தி அடைத்தால் கட்டி பட்டினி கிடக்கும், கல்லீரல் பிழைத்திருக்கும்.

ஓரிடத்தில் வழி திறப்பு. மற்றோரிடத்தில் வழி அடைப்பு!

தந்தையாருக்குத் தொடையில் ஊசித்துளை இட்டு, பலூனால் விரித்து, ஸ்டென்ட் வைத்தனர். பீடியை விட்டுவிட்டார், இன்று நிற்காமல் வீடு வருகிறார். நண்பர்களே, உங்கள் வீட்டுப் பெரியவரும் நடுவழியில் நின்றால், களைப்பென்று இருந்துவிடாதீர்கள்.