வீடு கட்டுவோம்: கொங்கிரீட்டுக்குத் தண்ணீர் எவ்வளவு?



லயக் காம்பராவை விட்டுத் தனி வீட்டுக்குப் போகும் குடும்பங்கள் பல, கட்டட வேலையில் தாங்களே இறங்கி நிற்கின்றன. சிறு துண்டுக் காணி, 550 சதுர அடி வீடு, கட்டம் கட்டமாக வரும் பணம், ஒரு மேசன் பாஸ், கை உதவிக்கு வீட்டு ஆட்கள். இதுதான் பெரும்பாலான இடங்களில் நிலைமை. அத்திவாரத்துக்கு வந்த பணம் அத்திவாரத்தோடு முடிந்துவிடும். லின்டல் வெடித்துவிட்டது, மறுபடியும் போடவேண்டும் என்றால் அதற்கு இன்னொரு முறை பணம் வராது. பாஸும் நாலு இடத்து வேலையைப் பார்க்கிறவர், அந்தி ஐந்து மணிக்குப் போய்விடுவார். அந்தக் கொங்கிரீட்டுக்குக் கீழே பாய் போட்டுப் படுக்கப் போவது உங்கள் பிள்ளைகள்.

ஆகவே கொங்கிரீட் போடும் நாளில் வீட்டுக்காரர் ஒருவர் விஷயம் தெரிந்து பக்கத்தில் நிற்கவேண்டும். மேசன் வேலை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தண்ணீர் எங்கே போகிறது என்று மட்டும் கவனித்தாலே வேலையில் பாதி சரியாகிவிடும்.

கலக்கும்போது தண்ணீர்

சீமெந்து காய்ந்து கெட்டியாகிறது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அது சரியல்ல. சீமெந்து தண்ணீரோடு சேர்ந்து வேறொரு பொருளாக மாறுகிறது. அந்த மாற்றம்தான் மணலையும் கல்லையும் பிடித்துக் கட்டுகிறது. 50 கிலோ மூட்டை ஒன்று இப்படித் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் தண்ணீர் ஏறக்குறைய 12 லீட்டர்தான். ஆனால் அவ்வளவு மட்டும் ஊற்றினால் கலவை உதிரியாக நிற்கும், கம்பிக்கு இடையில் இறங்காது. அதனால்தான் கூடுதலாக ஊற்றுகிறோம். அந்தக் கூடுதல் தண்ணீர் பிறகு ஆவியாகிப் போகும். போகும்போது தான் இருந்த இடத்தை ஓட்டையாக விட்டுவிட்டுப் போகும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஓட்டைகள் கூடக் கூடக் கொங்கிரீட்டின் பலம் குறையும், மழைத் தண்ணீரும் உள்ளே போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். சீமெந்துக்கும் தண்ணீருக்கும் உள்ள இந்தக் கணக்கை அமெரிக்காவில் டஃப் ஏப்ரம்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் 1918லேயே பரிசோதித்து எழுதிவைத்தார்.

லின்டல், பீம், தட்டு போன்றவற்றுக்கு 1:2:4 கலவை வழக்கம். சீமெந்து 1, மணல் 2, முக்கால் அங்குலக் கல் 4. இதைத் தாச்சிக் கணக்கில் அளந்தால் ஒரு தாச்சி குவியும், இன்னொரு தாச்சி குறையும். பலகையில் ஒரு பெட்டி அடித்துக்கொள்ளுங்கள். உள்ளளவு நீளம் 15 அங்குலம், அகலம் 12 அங்குலம், உயரம் 12 அங்குலம். இந்தப் பெட்டி ஒன்று ஒரு மூட்டை சீமெந்துக்குச் சமம். ஆகவே ஒரு மூட்டைக்கு இரண்டு பெட்டி மணல், நாலு பெட்டி கல். பெட்டியின் வாய் மட்டத்துக்குப் பலகையால் இழுத்துவிடவேண்டும்.

தண்ணீர் ஒரு மூட்டைக்கு 25 முதல் 30 லீட்டர்வரை போதும். வாளியையும் முதலே அளந்து கோடு போட்டு வையுங்கள். நமது பக்கத்தில் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். ரோட்டோரத்தில் மழையில் கிடந்த மணலுக்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது. இரண்டு பெட்டி ஈர மணலில் 5 லீட்டருக்கு மேலும் இருக்கலாம். அந்த நாளில் ஊற்றும் தண்ணீரை அதற்கேற்பக் குறைக்கவேண்டும். இப்படித்தான் பேச்சு நடக்கும்:

“தம்பி, இன்னொரு வாளி ஊத்துங்க. அப்பத்தான் கலவை ஓடும்.”

“பாஸ், ஒரு மூட்டைக்கு முப்பது லீட்டர் ஊத்தியாச்சுங்க.”

“இறுக்கமா இருந்தா கையால போட ஏலாது தம்பி.”

பாஸ் சொல்வதிலும் நியாயம் உண்டு. இறுக்கமான கலவை கைக்குக் கஷ்டம். ஆனால் மூட்டைக்கு 5 லீட்டர் கூடினாலே பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். கலவை இறங்கவில்லை என்றால் கம்பியால் குத்தி இறக்குங்கள். ஒவ்வொரு தாச்சி போட்டவுடனும் குத்தவேண்டும். மூலைகளையும் கம்பியின் அடிப்பக்கத்தையும் விடக்கூடாது. பலகையை வெளியே இருந்து சுத்தியலால் மெல்லத் தட்டுவதும் உதவும். குத்தாத கொங்கிரீட்டில் காற்று தங்கிவிடும். நூற்றுக்கு ஐந்து பங்கு காற்று உள்ளே நின்றால் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போகும். பலகை கழற்றியதும் தேன்கூடு மாதிரி ஓட்டை தெரிகிறதே, அது இந்தக் குறைதான். மேலே பூசி மறைத்தாலும் உள்ளே பலம் வராது.

கையால் கலக்கும்போது முதலில் மணலையும் சீமெந்தையும் காய்ந்தபடியே ஒரே நிறம் வரும்வரை மூன்று தடவையாவது புரட்டுங்கள். பிறகு கல், கடைசியில் தண்ணீர். வெறும் மண் தரையில் கலக்கவேண்டாம். பலகையோ தகரமோ விரித்துக் கலக்குங்கள். சரிவான ரோட்டில் கலந்தால் சீமெந்துப் பால் முழுவதும் கானுக்குத்தான் போகும். கைக் கலவை இயந்திரக் கலவையைப் போல் ஒன்றுபோல் வராது. அதனால் பத்து மூட்டை வேலைக்குப் பதினொரு மூட்டை என்று கணக்கு வைப்பது நல்லது.

நமது வீடுகள் பெரும்பாலும் ரோட்டுக்குக் கீழேதான். மேலே கலந்து, படிக்கட்டு வழியாகத் தலையில் சுமந்து இறக்குகிறார்கள். ஆடி ஆடி வரும்போது கல் அடியில் போகும், தண்ணீர் மேலே நிற்கும். முடிந்தால் மணலையும் கல்லையும் முந்திய நாளே கீழே இறக்கி, வீட்டுப் பக்கத்தில் கலக்குங்கள். சுமப்பது பெரும்பாலும் பெண்கள்தான். ஈரச் சீமெந்து தோலை எரித்துவிடும். கொழுந்து பறித்து வெடித்த விரல்களுக்கு அது இன்னும் மோசம். தலையில் தடித்த சும்மாடு, காலுக்குச் சப்பாத்து, பக்கத்தில் கழுவ ஒரு வாளி சுத்தமான தண்ணீர், இவை இருக்கவேண்டும்.

கலந்த கலவையை முக்கால் மணித்தியாலத்துக்குள் போட்டு முடிக்கப் பாருங்கள். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால் இறுகியிருக்கும். அதற்கு மறுபடி தண்ணீர் ஊற்றி இளக்கக்கூடாது. தேத்தண்ணி என்றதும் ஒரு சிறு விஷயம். மிஞ்சிய சீனித் தேத்தண்ணியைக் கலவையில் ஊற்றாதீர்கள். ஒரு மூட்டைக்கு 50 கிராம் சீனி விழுந்தாலே இறுகும் நேரம் சில மணித்தியாலம் தள்ளிப்போகும். அதேபோல் உரம் கரைத்த பீப்பாய், மருந்து அடித்த பீப்பாய் இவற்றில் தண்ணீர் பிடிக்கவேண்டாம். சல்பேட் உரம் கொங்கிரீட்டை அரிக்கும். பீலித் தண்ணி, நீங்கள் குடிக்கிற தண்ணீர், அதுதான் சரி.

மணலில் மண் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கண்ணாடிப் போத்தல் போதும். பாதிவரை மணல், முக்கால்வரை தண்ணீர், ஒரு கரண்டி உப்பு. நன்றாகக் குலுக்கி ஓரிரு மணித்தியாலம் அசையாமல் வையுங்கள். மணலுக்கு மேல் சேறு தனியாகப் படியும். மணல் 10 பங்கு என்றால் சேறு 1 பங்கைத் தாண்டக்கூடாது. தாண்டினால் கழுவித்தான் பாவிக்கவேண்டும். சீமெந்து மூட்டையையோ நிலத்திலிருந்து அரை அடி உயரத்தில், சுவரில் படாமல் அடுக்கவேண்டும். நமது மூடுபனிக்கு அது சீக்கிரம் கட்டி பிடிக்கும். விரலால் நசுக்கித் தூளாகாத கட்டி இருந்தால் அந்த மூட்டையை லின்டலுக்கும் பீமுக்கும் எடுக்காதீர்கள்.

கம்பி மேலேயா, கீழேயா?

இது தண்ணீர் விஷயமல்ல. ஆனாலும் உயிர் போகிற விஷயம் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

ஒரு பழைய ரப்பர் செருப்பை எடுத்து, அதன் இரண்டு பக்கத்திலும் குறுக்கே பிளேட்டால் சின்னச் சின்ன வெட்டுப் போடுங்கள். இரண்டு செங்கல்லின் மேல் பாலம் மாதிரி வைத்து நடுவில் அமுக்குங்கள். அடிப்பக்க வெட்டுகள் வாய் பிளக்கும், மேல்பக்க வெட்டுகள் மூடும். லின்டலும் இப்படித்தான். கொங்கிரீட் நசுக்குதலைத் தாங்கும், இழுத்தால் பிளந்துவிடும். பிளக்கிற இடத்தில் பிடித்துக்கொள்ளத்தான் கம்பி. ஆகவே லின்டலில் முக்கிய கம்பி அடியில் இருக்கவேண்டும்.

இனி அதே செருப்பின் ஒரு முனையைக் கையால் இறுகப் பிடித்து, மறுமுனையை அமுக்குங்கள். இப்போது மேல்பக்க வெட்டுகள்தான் பிளக்கும். ஜன்னலுக்கு மேலே வெளியே நீட்டி நிற்கும் சன்ஷேட் தட்டு இந்த வகை. அதற்கு முக்கிய கம்பி மேலே இருக்கவேண்டும், அந்தக் கம்பி சுவர்ப் பக்கத்து பீமுக்குள்ளும் நன்றாக ஓடியிருக்கவேண்டும். பாஸ் சரியாகவே கட்டியிருப்பார். கலவை சுமந்து வருகிறவர்கள் அதன் மேல் மிதித்து நடப்பார்கள். கம்பி அடிக்குப் போய்விடும், கொங்கிரீட் மூடிவிடும், யாருக்கும் தெரியாது. முட்டு எடுக்கும் நாளில்தான் தெரியவரும். 5 அடி நீளம், 2 அடி நீட்டு, 3 அங்குலத் தடிப்பு என்றால் அந்தத் தட்டின் பாரம் ஏறக்குறைய 170 கிலோ. அது விழும் இடம் வாசல். கலவை போடும்போது ஒருவர் அந்தக் கம்பியை மட்டுமே பார்த்துக்கொண்டு நிற்கட்டும். மிதிக்கப் பலகை போட்டு, அதன் மேல்தான் நடக்கவேண்டும்.

கம்பி பலகையில் ஒட்டிக்கொண்டு கிடக்கவும் கூடாது. 1 அங்குலம் இடைவெளி வேண்டும். ஓரிரு நாள் முந்தியே சீமெந்துச் சாந்தில் 1 அங்குலக் கட்டிகள் செய்து காயவைத்து, கம்பிக்கு அடியில் வையுங்கள். கல் துண்டு, கம்புத் துண்டு வைப்பது சரியல்ல. கம்பி நீளம் போதாமல் சேர்க்கும்போது ஒன்றன்மேல் ஒன்று அதன் தடிப்பைப்போல் 50 மடங்கு ஏறவேண்டும். 10 மில்லிமீட்டர் கம்பிக்கு 20 அங்குலம், 12 மில்லிமீட்டர் கம்பிக்கு 2 அடி. லின்டலின் இரண்டு முனையும் சுவரில் முக்கால் அடியாவது உட்காரட்டும்.

போட்ட பிறகு தண்ணீர்

கலக்கும்போது கஞ்சத்தனமாக ஊற்றிய தண்ணீரை இனித் தாராளமாக ஊற்றவேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கலவையில் வாளி வாளியாக ஊற்றிவிட்டு, போட்ட பிறகு திரும்பிப் பார்ப்பதில்லை. சீமெந்து மாறும் வேலை முதல் நாளோடு முடிவதில்லை. ஏழு நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பலம் வரும், 28 நாளில்தான் எதிர்பார்க்கும் பலம் வரும். இடையில் காய்ந்துவிட்டால் வேலை நின்றுபோகும். நனைக்காத கொங்கிரீட் தன் பலத்தில் பாதிவரை இழக்கலாம்.

மேற்பரப்பு விரல் பதியாத அளவுக்கு இறுகியதும் சாக்கை நனைத்துப் போர்த்துங்கள். உரச் சாக்கு என்றால் நன்றாகக் கழுவியது. குறைந்தது 7 நாள். குளிர் கூடிய தோட்டங்களில் 10 முதல் 14 நாள், ஏனென்றால் குளிரில் இந்த மாற்றம் மெதுவாக நடக்கும். “இங்க எப்பவும் ஈரந்தானே, எதுக்கு நனைக்கணும்?” என்று கேட்பவர்கள் உண்டு. மூடுபனி போதாது. ஊவாப் பக்கத்தில் ஜூன் முதல் வீசும் கச்சான் காற்று வெயில் இல்லாமலே கொங்கிரீட்டை உலர்த்திவிடும். நுவரெலியாப் பக்கத்தில் ஜனவரி, பெப்ரவரியில் பனி உறையும் இரவுகள் உண்டு. புதுக் கொங்கிரீட்டுக்குள் தண்ணீர் உறைந்தால் அது உடைந்து உதிரும். அந்த இரவுகளில் சாக்குக்கு மேல் பொலித்தீனும் போடவேண்டும்.

போட்டுக்கொண்டிருக்கும்போதே மழை வந்தால் உடனே மூடுங்கள். மேலே தண்ணீர் நின்றால் வடித்துவிடலாம். அதன் மேல் காய்ந்த சீமெந்தைத் தூவி உறிஞ்ச வைப்பது பிழையான வேலை. அந்த மேல்தோல் பிறகு உரிந்துவரும்.

ஒன்று சொல்லவேண்டும். நல்ல கொங்கிரீட் வீட்டைத் தாங்கும், மலையைத் தாங்காது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் இடத்தைப் பார்த்துச் சரி சொல்லாமல் அத்திவாரம் வெட்டக்கூடாது. வீட்டுக்குப் பின்னால் மண்ணைச் செங்குத்தாக வெட்டி விடவும் கூடாது. அதைத் தனிப் பாடமாகத்தான் எழுதவேண்டும்.

முட்டு எடுக்கும் நாள்

பலகையும் முட்டும் அடுத்த வீட்டு வேலைக்குத் தேவைப்படும். “நாலு நாளாச்சு, கழட்டிருவோம்” என்று அவசரப்படுத்துவார்கள். பக்கப் பலகையை இரண்டு நாளில் எடுக்கலாம். அடி முட்டு வேறு கணக்கு. மூன்று, நாலு அடி லின்டலுக்கு 10 நாள். பீம், தட்டு, சன்ஷேட் இவற்றுக்கு நமது குளிருக்கு 21 நாள். கொங்கிரீட் போட்ட திகதியையும் முட்டு எடுக்கும் திகதியையும் ஒரு பலகைத் துண்டில் எழுதி முட்டிலேயே ஆணி அடித்து வையுங்கள். நீங்கள் மலைக்குப் போயிருக்கும்போது யாராவது வந்தாலும் கண்ணில் படும்.

எடுக்கும் வரிசையும் உண்டு. இரண்டு பக்கமும் சுவரில் உட்கார்ந்திருக்கும் தட்டுக்கு நடு முட்டை முதலில் எடுத்து, பிறகு சுவர்ப் பக்கமாக வரவேண்டும். வெளியே நீட்டிய தட்டுக்கு நுனி முட்டு முதலில், சுவரோரத்து முட்டு கடைசியில். நுனி முட்டை விட்டுவிட்டு மற்றதை எடுத்தால் தட்டு பாலம் மாதிரி நிற்கும். அடியில் கம்பி இல்லாததால் நடுவில் வெடிக்கும். எடுக்கும் நேரத்தில் பிள்ளைகளை வாசலில் நிற்க விடாதீர்கள்.