ரிக் வண்டியோடு டான்சானியா போகிறவனுக்கு

கண்ணு, போர் போடும் நம் திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத மாநிலம் இல்லை. இப்போது கடலும் தாண்டுகிறது. டோடோமா பக்கம் ஒரு கிராமத்தில் தங்கப் போகிறாயாம், உன் அம்மா சொன்னாள். பிட் மாற்றவும் ராடு கோக்கவும் உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றதைச் சொல்கிறேன்.

1. பெரியவர்களைக் கண்டால் ‘ஷிகாமோ’ என்று சொல். ‘மரஹபா’ என்பார்கள். அதோடு விடாதே, வீடு, பிள்ளைகள், மாடு கன்று எல்லாம் விசாரி. வண்டியை விட்டு இறங்கியதும் ‘பாயிண்ட் எங்கே’ என்பவனுக்கு இடத்தைக் காட்டுவார்கள், உட்காரச் சொல்ல மாட்டார்கள்.

2. அங்கே விடிந்ததிலிருந்து மணி எண்ணுவார்கள். நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒன்று. அவர்கள் மூன்று மணி என்றால் நமக்குக் காலை ஒன்பது. எங்கள் கம்ப்ரசர்காரன் ஒருவன் ‘மூன்று மணிக்கு ஆள் வரும்’ என்று கேட்டுவிட்டு மத்தியானம் மூன்றுக்குப் போய் நின்றான். ஆட்கள் காலையிலேயே வந்து, உச்சிவெயில் வரை மரத்தடியில் காத்திருந்து திரும்பியிருந்தார்கள். இவனோ ஊரையே திட்டித் தீர்த்தான். கோபம் வந்தால் முதலில் கடிகாரத்தைப் பார், சாமி.

3. உகாளி என்பது மக்காச்சோள மாவுக் களி. ராகிக் களியில் வளர்ந்தவனுக்கு என்ன கஷ்டம்? உருட்டு, கீரையில் தொடு, விழுங்கு. ஊறுகாய் கொண்டு போ. ஆனால் அதற்காகத் தனியாக உட்காராதே.

4. கொசுவலைக்குள் படு. காய்ச்சல் கண்டால் அன்றே ரத்தப் பரிசோதனை. ஊர் திரும்பிய பிறகு வந்தாலும் ‘ஆப்பிரிக்காவில் இருந்தேன்’ என்று டாக்டரிடம் சொல்.

5. குழி போட ஊர்த் தலைவர் காட்டும் இடத்தை மரியாதையாகக் கேட்டுக்கொள். பிறகு தலையில் வாளி சுமக்கும் பெண்களிடமும் கேள். மழையில்லாத மாதங்களில் ஆற்று மணலைத் தோண்டி ஊற்று எடுப்பவர்கள் அவர்கள். எது உப்பு, எது வற்றும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த மீட்டருக்கும் தெரியாது. தண்ணீர் பீறிட்டதும் ஆட்டம் போடாதே. தர்மபுரிப் பக்கம் பல் கறைபட்ட பிள்ளைகளைப் பார்த்திருப்பாய். அந்தக் கறைக்குக் காரணமான ஃபுளோரைடு டான்சானியாவிலும் பல இடங்களில் உண்டு. சோதனை முடிவு வரும்வரை, குடிக்கலாம் என்று உன் வாயால் சொல்லாதே.

6. சில குழியில் புழுதிதான் வரும். அன்றைக்கு ராத்திரியோடு ராத்திரியாக வண்டியை எடுக்காதே; தலைவர் வீட்டுக்கு நீயே போய்ச் சொல். குழியை மூடாமல் கிளம்பவே கூடாது. 2019இல் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் மூடாத போர்க் குழியில் குழந்தை விழுந்ததை நாமெல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தோமே! கேசிங் மூடி நாலைந்து கூடுதலாகவே வண்டியில் போட்டுக்கொள். அங்கே டவுனுக்குப் போய் வாங்க ஒரு பகல் ஓடிவிடும்.