எடிசனில் மாற்றிய பாலிசி டல்லஸுக்கு ஏன் போகவில்லை?

கேள்வி: நியூஜெர்சி எடிசன் அலுவலகத்தில் குரூப் பாலிசியை மாற்றினோம். டல்லஸ் கிளைக் கணினிகளில் இன்னும் பழையதுதான் ஓடுகிறது. எங்கே பார்ப்பது? – ஒரு வாசகர், டெக்சாஸ்

பதில்: பாலிசிக்கு இரண்டு பாதிகள். ஒன்று ஆக்டிவ் டைரக்டரியில், மற்றது சிஸ்வால் ஃபோல்டரில். இரண்டும் தனித்தனி வழியில் போகின்றன. இரு ஊர்களின் டொமைன் கன்ட்ரோலர்களிலும் பாலிசியின் பதிப்பு எண்ணை ஒப்பிடுங்கள். டைரக்டரி எண் பின்தங்கியிருந்தால் கொஞ்சம் பொறுக்கலாம். கிளைகளுக்கிடையே இயல்பான இடைவெளியே 180 நிமிடம். சிஸ்வால் மட்டும் நின்றிருந்தால் சிஸ்வாலை ரெப்ளிகேட் செய்யும் டிஎஃப்எஸ்ஆரின் ஈவென்ட் லாகில் 4012 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். அந்த எண்ணின் பொருள் இது: 60 நாளுக்கு மேல் தொடர்பற்றுக் கிடந்த சர்வரில் ரெப்ளிகேஷன் தானாகவே நிறுத்தப்படும். தயவுசெய்து ஃபைல்களைக் கையால் நகலெடுத்துப் போடாதீர்கள். எடிசன் பிரதி சரியென்று உறுதிசெய்து, பேக்கப் எடுத்து, டல்லஸில் மட்டும் நான்-அத்தாரிட்டேட்டிவ் சிங்க் செய்யுங்கள். இரு ஊர்களின் ஒரு மணி நேர வித்தியாசம் இதற்குக் காரணமல்ல. சர்வர்கள் ஒன்றையொன்று அடையாளம் சரிபார்க்கும் கெர்பரோஸ் கணக்கிடுவது உலகப் பொது நேரத்தை.