சிக்கலும் தீர்வும்

மாணவர்களே! நூற்கண்டில் சிக்கல் விழுந்தால், அறிவுடையோர் கைக்கு அகப்பட்ட இழையைப் பற்றி இழுப்பதில்லை. அதன் தலைப்பு எங்கே உள்ளது என்று முதலில் தேடுவர். ஊரார் துன்பம் ஒன்றை எடுத்துரைத்து அதற்குத் தீர்வு கூறும் கட்டுரையும் அவ்வாறே எழுதத்தக்கது. மாணவர் பலர், துன்பத்தைச் சொன்ன மறுவரியிலேயே, ‘அரசு உடனே ஆவன செய்தல் வேண்டும்’ என்று எழுதி முடித்துவிடுகின்றனர். அது முறையீடு ஆகலாம், கட்டுரை ஆகாது.

திருவள்ளுவர், ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில், மருத்துவனுக்கு ஒரு நெறி வகுத்துள்ளார். நோய் இன்னதெனத் தெளிதல், அதன் காரணத்தை ஆராய்தல், அது தணியும் வழியைக் காணுதல், பின்னர்ப் பிழையாது செய்தல் என்பன அந்நெறியின் படிகளாம். நம் கட்டுரைக்கும் இப்படிகளே பொருந்தும். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

சென்னைக்கு மேற்கே உள்ள அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவை ஏரிகள் மிகுந்த ஊர்கள். அங்கு வாழும் மாணவன் ஒருவன், ‘எங்கள் பகுதியின் நீர்ச்சிக்கல்’ என்னும் பொருள்பற்றி எழுதப் புகுகின்றான் எனக் கொள்வோம். அவன் முதற்கண் நோயை வரையறுத்தல் வேண்டும். அதற்குச் சான்றும் காட்டல் வேண்டும். 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் தொடக்கத்தில் பெருமழை பெய்தது. பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி அளவில் நீர் வெளியேற்றப்பட்டது. அடையாற்றின் கரைகளில் வெள்ளம் புகுந்தது. நான்கு ஆண்டுகளுக்குள், 2019ஆம் ஆண்டுக் கோடையில், 364½ கோடி கன அடி நீர் கொள்ளும் அவ்வேரியே வறண்டு கிடந்தது. அவ்வாண்டு ஜூலை 12ஆம் நாள், சோலையார்பேட்டையிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் கடந்து, 50 பெட்டிகளில் ஏறத்தாழ 25 இலட்சம் லிட்டர் குடிநீருடன் இரயில் வண்டி வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது.

வெள்ளத்தை மட்டும் கண்டவன், ‘நீரை விரைந்து கடலுக்கு விடுக’ என்பான். வறட்சியை மட்டும் கண்டவன், ‘தொலைவிலிருந்து நீர் கொணர்க’ என்பான். முன்னவன் மருந்து பின்னவன் நோயை வளர்க்கும். இரண்டையும் ஒருங்கே நோக்கியவனோ, ‘வந்த நீரைத் தாங்கி வைக்கும் ஆற்றல் குறைந்தமையே எங்கள் சிக்கல்’ என்று வரையறுப்பான். வரையறை செவ்விதாயின் கட்டுரையில் பாதி முடிந்தது எனலாம்.

அடுத்தது காரணம். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் மிகைநீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து இரட்டை ஏரிக்கும் செல்லும். இத்தகைய ஏரித்தொடரில் ஒரு கால்வாய் தூர்ந்தாலும் கழிவுநீர் கலந்தாலும், தீங்கு அடுத்த ஏரியையும் தாக்கும். கால்வாய் ஏன் தூர்ந்தது? மாணவன் இன்னும் ஒருபடி கீழே இறங்கி இவ்வாறு வினவுதல் வேண்டும். ஏரி நீரால் வயல் விளைந்த காலத்தில் உழவர் அதன் கரையையும் மதகையும் காத்தனர். 1964ஆம் ஆண்டு அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவாயிற்று. வயல்கள் படிப்படியாக மனைகளாகவும் ஆலைகளாகவும் மாறின. வயல் மறையவே, ஏரியைத் தமதெனக் கருதுவாரும் குறைந்தனர். இதுவே நோயின் வேர்.

வேர் தெரிந்தால் தீர்வு தெரியும். தூர் எடுத்தல் மட்டும் போதாது. ஏரிக்குப் புதிய காவலர் வேண்டும். கழிவுநீரைத் தனிக்குழாயில் செலுத்துதல் நகராட்சியின் கடமை. மழைநீரை நிலத்தில் சேர்த்தல் வீட்டார் கடமை. 2003ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் அது கட்டாயமாக்கப்பட்டது. வரத்துக்கால்களில் குப்பை சேராது காத்தல் தெருவார் கடமை. இன்ன செயலை இன்னார் செய்தல் வேண்டும் எனக் கூறாத தீர்வு வெறும் விருப்பமே. இயலுமோ என ஐயுறுவார்க்குச் சான்றும் தருக: கழிவுநீரால் கெட்டிருந்த ஆவடிப் பருத்திப்பட்டு ஏரி சீர்செய்யப்பெற்று, 2019ஆம் ஆண்டில் மக்கள் உலாவும் பூங்காவுடன் திறக்கப்பட்டது.

இனி, நம் பழைய உரையாசிரியர்கள் கையாண்ட ‘தடைவிடை’ முறையை மறத்தலாகாது. ‘ஏரிப் புறம்போக்கில் குடிசையிட்ட ஏழைகள் எங்கே போவர்?’ என்று ஒருவர் தடை எழுப்பலாம். இது நேர்மையான தடை. இதனை மறைத்து எழுதுபவன் கட்டுரை வலுவிழக்கும். ‘தொழில் செய்யும் இடத்திற்கு அண்மையில் மாற்று வீடு தந்த பின்னரே அவர்களைப் பெயர்த்தல் வேண்டும், அதுவரை கழிவுநீரைத் தடுக்கும் பணியைத் தொடங்கலாம்’ என்று விடை கூறுக. தடையில் உள்ள உண்மையை ஏற்றுக்கொண்டு தன் தீர்வைத் திருத்துவது தோல்வியன்று. அதுவே சிந்தனையின் முதிர்ச்சி.

முடிவுரையில் புதுச்செய்தி புகுத்தற்க. முதலில் செய்யத்தக்க ஒரு செயலைச் சுட்டி நிறுத்துக.

மாணவர்களே! எழுதுமுன் ஒருமுறை உங்கள் ஊர் ஏரிக்கரைக்குச் சென்று வாருங்கள். நீர் எவ்வழி வருகின்றது, எங்கே தடைப்படுகின்றது என்று கண்ணாற் கண்டு எழுதுங்கள். அவ்வாறு எழுதிய கட்டுரை மதிப்பெண்ணோடு நில்லாது. நாளை ஊர்மன்றத்தில் நீங்கள் எழுந்து பேசும்போது உறுதுணையாய் நிற்கும்.